காற்றாற் குளிரும் இயந்திரம்

நம் கல்லூரியிற் பௌதிக நூல் பயின்ற காலத்து, உஷ்ணம் என்னும் பகுதியை யான் பரீட்சையின் பொருட்டுப் படித்தேனேயன்றி, அஃது ஒரு மனிதனுடைய அன்றாடக் கூழோடு நேரே தொடர்புடையது என்று எண்ணியதில்லை. அவ்வெண்ணம் எனக்கு உண்டானது வகுப்பறையிலன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில், டான்சானியா நாட்டின் இரிங்கா மலைப்புறத்தில், ஒரு செம்மண் சாலையின் நடுவில். அங்கே யான் சில ஆண்டுகள் பள்ளியாசிரியனாக இருந்தேன்.

அந்நாட்டார் மோட்டார் சைக்கிளைப் ‘பிக்கிபிக்கி’ என்பர். அதன் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தனர் போலும். கூலிக்கு ஆளேற்றிச் செல்லும் பிக்கிபிக்கிக்குப் ‘போடா போடா’ என்று பெயர். நம்மவர் செவிக்கு இஃது ஏச்சுப்போல் ஒலிக்கும். யான் சென்றிறங்கிய அன்று நாலைந்து வாலிபர் என்னைச் சூழ்ந்துகொண்டு, முகமலர்ச்சியோடு “போடா, போடா” என்று கூவியபோது சிறிது திகைத்தே நின்றேன். பின்னர்த்தான், கென்யா உகாண்டா எல்லையில் 1960-களில் சைக்கிளின் பின்னிருக்கையில் ஆளேற்றி எல்லை கடத்தியவர்கள், எல்லையென்னும் ஆங்கிலச் சொல்லை இருமுறை கூவியதே இவ்வாறு திரிந்தது என்று அறிந்தேன்.

ஒரு சந்தை நாளில், மாவு மூட்டைகள் இரண்டனோடு என்னையும் ஏற்றிக்கொண்டு ஒருவன் மலையேறினான். வண்டி சீனத்திற் செய்யப்பட்டது. மாரிக்காலம், முந்திய இரவு மழை பெய்து சாலை சேறாயிருந்தது. நெடுந்தூரம் இரண்டாம் கியரிலேயே ஏறினோம். நண்பகல் வேளையில் இயந்திரத்தின் ஓசை மாறிற்று, வேகம் குறைந்தது, பின்னர் ஒரு கிறீச்சொலி எழ, பின்சக்கரம் பிடித்துக்கொண்டு, வண்டி நின்றுவிட்டது. அவன் இறங்கி ஒன்றும் பேசாமல், ஒரு குச்சியை ஒடித்து, ஸிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடையே அப்பிக் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டலானான். அதன்பின் எண்ணெய் அளக்கும் கோலைத் திருகி எடுத்துப் பார்த்தான். அதன் நுனியில் ஈரமே இல்லை.

“முவாலிமு,” என்றான் அவன் (ஆசிரியரை அவர்கள் அவ்வாறு விளிப்பர்), “எண்ணெய்க்கு வைத்திருந்த காசு மகளின் பள்ளிச் சீருடைக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் மாற்றலாம் என்றிருந்தேன்.” வண்டி அவனுடையதன்று. சொந்தக்காரனுக்கு நாள்தோறும் ஒரு தொகை கட்டிவிட்டு எஞ்சியதே அவன் ஊதியம். வண்டி நின்றால் அத்தொகை நிற்காது.

அம்மரநிழலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவன் சேற்றைச் சுரண்டியதும் கோலை எடுத்துப் பார்த்ததும் இவ்வியந்திரத்தின் இலக்கணத்தையே சுருக்கிக் கூறுவனவாம் என்று யான் உணர்ந்தது அப்பொழுதுதான். அவ்விலக்கணத்தை நம் மாணவ நண்பர்களுக்கு விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்ரோல் இயந்திரம் என்பது உண்மையில் ஓர் அடுப்பேயாகும். ஸிலிண்டர் என்னும் உருளையினுள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் அதனை நெருக்குகின்றது. மின்பொறி பட்டு அது வெடித்தெரிகின்றது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. மீண்டும் பிஸ்டன் மேலேறிப் புகையை வெளியே துரத்துகின்றது. இந்நான்கு செயலுக்குள் கிராங்கு என்னும் வளைதண்டு இருமுறை சுழலும். நிமிஷத்திற்கு 6,000 முறை சுழலும்போது, ஒரு வினாடியில் ஐம்பது வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரி செண்டிகிரேடைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியத்தாலாயது, அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பின் எவ்வாறு அஃது உருகாதிருக்கின்றது? வெடிப்பு நொடிப்பொழுதே நிகழ்வதாலும், வந்த உஷ்ணம் தங்குவதற்குள் வெளியேற வழியிருப்பதாலுமே. அவ்வழி அடைபடின் இயந்திரம் கெடும்.

எவ்வளவு உஷ்ணம் என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு மணி நேரத்தில் எரிவதாகக் கொண்டால், ஏறக்குறைய 9,000 வாட் உஷ்ணம் இடையறாது பிறக்கின்றது. ஆயிரம் வாட் மின்சார அடுப்புகள் ஒன்பதனை ஒருங்கே மூட்டியது போல் என்க. அதில் நால்வரில் ஒருவர் பங்கே சக்கரத்திற்கு வேலையாகச் செல்லும். எஞ்சியதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே கழியும். ஆயினும் இரண்டு மூன்று அடுப்புகளின் உஷ்ணம், உலோகத்தின் வழியாக வெளியேறியே தீரவேண்டும். மோட்டார் கார்களில் இவ்வுஷ்ணத்தை நீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்கின்றது. நாம் பேசும் இயந்திரத்திலோ நீருமில்லை, நீரைத் தள்ளும் பம்புமில்லை, விசிறியுமில்லை. வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்று ஒன்றே துணை.

காற்று இதற்குப் போதுமோ என்ற ஐயம் எழும். சிறிய இயந்திரத்திற்குப் போதும், பெரியதற்குப் போதாது. காரணம் க்ஷேத்திர கணிதத்தில் உள்ளது. ஓரங்குலச் சதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கனம் ஒன்று, மேற்பரப்பு ஆறு. ஈரங்குலக் கட்டிக்கோ கனம் எட்டு, மேற்பரப்பு இருபத்து நான்கே. உருவம் இருமடங்காகும்போது, உள்ளே எரியும் பொருள் எண்மடங்காகின்றது. உஷ்ணம் வெளியேறும் தோல் நான்மடங்கே ஆகின்றது. சிறு குழந்தைக்கு விரைவிற் குளிரடிப்பதும், பெரிய அண்டாவில் வைத்த வெந்நீர் விரைவில் ஆறாதிருப்பதும் இக்கணக்கினாலேயே. ஆதலின் 100, 125 கன செண்டிமீட்டர் அளவுள்ள உருளைக்குக் காற்று இயல்பாகவே பொருந்துகின்றது.

அப்பொருத்தத்தையும் மிகுவிப்பதற்காகவே, உருளையின் வெளிப்புறத்தில் அடுக்கடுக்காகத் தகடுகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. இவற்றை அழகுக்காக வைத்தவை என்று கருதுவோர் உளர். அவ்வாறன்று. தகடுகள் உருளையின் தோலைப் பலமடங்கு பெருக்குகின்றன. உள்ளே பிஸ்டன் உராயும் இடத்தில் தேய்வைத் தாங்கும் வார்ப்பிரும்புக் குழல். வெளியே உஷ்ணத்தை விரைந்து கடத்தும் அலுமினியத் தகடுகள். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே போதிய சந்து இருத்தல் வேண்டும். நெருக்கமாக வைத்தாற் காற்று நுழையாது. நுழைந்ததும் தகட்டின் மேலேயே ஒட்டித் தேங்கும். அச்சந்துகளிலே சேறு அடைத்துக்கொண்டால் என்னாகும்? தோல் முழுதும் கம்பளி போர்த்தது போலாகும். எங்கள் வண்டிக்கு நேர்ந்தது அதுவே.

மலையேற்றத்திற் பிற இடர்களும் கூடின. சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்குக் காற்றும் அவ்வேகத்தில் வீசும். செங்குத்தான பாதையில், மூட்டைகளோடு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது இயந்திரம் தன் முழு வலிமையையும் செலவிடுகின்றது. காற்றோ நாற்பங்கில் ஒரு பங்கே வருகின்றது. அன்றியும் இரிங்கா கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு.

இனி எண்ணெயைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். எண்ணெய் உராய்வைத் தடுப்பதற்கு மாத்திரமே உள்ளது என்று பலர் கருதுகின்றனர். காற்றாற் குளிரும் இயந்திரத்தில் அஃது இரண்டாவது தண்ணீராகவும் வேலை செய்கின்றது. பிஸ்டனின் அடிப்பாகத்திலும் உருளையின் உட்சுவரிலும் தெறித்து, அங்குள்ள உஷ்ணத்தை ஏந்தி, கீழேயுள்ள பெட்டிக்குக் கொண்டுவந்து ஆற்றிக்கொள்கின்றது. ஒரு 125 கன செண்டிமீட்டர் இயந்திரத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெயே. அச்சிறிய அளவைக் கொண்டே பிஸ்டன், கியர்கள், கிளட்சு ஆகிய அனைத்தும் பிழைக்க வேண்டும். காரிலுள்ளது போன்ற காகித வடிகட்டி இவற்றிற் பெரும்பாலும் இல்லை. ஒரு கம்பி வலையும், கிராங்கோடு சுழன்று கசட்டை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு கிண்ணமுமே உண்டு. எண்ணெய் குறைந்தால் எஞ்சிய எண்ணெயின் சூடு மிகும். சூடு மிகுந்தால் அது நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் படலமாக நில்லாது. அப்பொழுது பிஸ்டன் உருளையைவிட மிகுதியாக விரிந்து, சுவரை நேரே தீண்டி, தன் அலுமினியத்தை அதன்மேல் இழுகிவிடும். ‘பிஸ்டன் பிடித்துக்கொண்டது’ என்று நம்மூர் மெக்கானிக்குகள் சொல்வது இதனையே.

நிற்க. இவ்வகை இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சீன வண்டியென்று நாம் கூறினும், அதன் மூலம் ஜப்பானில் உள்ளது. ஹோண்டா நிறுவனத்தார் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் தங்கள் 125 கன செண்டிமீட்டர் வண்டிகள் ஏன் விரைவிற் பழுதாகின்றன என்று ஆராயத் தம் பொறியாளரை அந்நாடுகளுக்கு அனுப்பினர். அவர்கள் கண்டது யாது? ஒருவர் ஏறவேண்டிய வண்டியில் மூவரும் நால்வரும் ஏறினர். எண்ணெய் மாற்றுவார் அரியர். காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்வார் அவரினும் அரியர். அக்காலத்து ஹோண்டா இயந்திரங்களில் வால்வுகளை இயக்கும் காம் தண்டு உருளையின் தலையின்மேல் இருந்தது; அதனைச் சுழற்ற ஒரு சிறு சங்கிலி கீழிருந்து மேலே சென்றது. எண்ணெய் கெட்டபோது முதலிற் கெட்டவை அத்தலைப்பாகமும் சங்கிலியுமே.

பயன்படுத்துவோரைத் திருத்த முயலுவதைவிட இயந்திரத்தைத் திருத்துவது எளிது என்று அப்பொறியாளர் துணிந்தனர். இத்துணிவை யான் பெரிதும் மதிக்கின்றேன். அதன் பயனாக 1976 ஆம் ஆண்டில் வெளிவந்ததே ஹோண்டா சி.ஜி.125. பழமையானது என்று தாங்களே கைவிட்டிருந்த ஒரு முறைக்கு அவர்கள் திரும்பிச் சென்றனர். காமைத் தலையிலிருந்து இறக்கிக் கிராங்கின் அருகிற் பல்சக்கரத்தோடு பொருத்தினர். கிராங்கு இருமுறை சுழலக் காம் ஒருமுறை சுழலும். அக்காமின் மேடு, புஷ்ராடு எனப்படும் இரு மெல்லிய கோல்களை மாறிமாறி மேலே தள்ளும். மேலே ராக்கர் என்னும் சிறு நெம்புகோல்கள், ஏற்றக்காலின் துலாவைப்போல், ஒருபுறம் ஏற மறுபுறம் தாழ்ந்து வால்வைத் திறக்கும். உள்வால்வு, வெளிவால்வு இரண்டிற்கும் ஒரே மேடு போதுமாறு அமைத்தனர். சங்கிலி ஒழிந்தது, அதனை இறுக்கும் கருவியும் ஒழிந்தது. கோலும் ராக்கரும் கொண்ட முறை நம் நாட்டாருக்கும் புதிதன்று. 1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டும் நெடுங்காலம் அம்முறையையே பின்பற்றிற்று.

இதிற் குறையும் உண்டு. கோலும் ராக்கரும் கனமுள்ளவை. மிக விரைவாகச் சுழலும்போது அவை காமின் மேட்டைப் பின்பற்றி இறங்க முடியாமற் பின்தங்கும். ஆதலின் பந்தய வண்டிக்கு இது தகாது. மூட்டை சுமக்கும் வண்டிக்கோ அக்குறை ஒரு பொருட்டன்று. வேறொரு நன்மையும் உண்டு. அதனை யான் பின்னர், மறுநாட் காலையிற் கண்கூடாகக் கண்டேன்.

சீனத்திற்கு வருவோம். யாங்சி ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சோங்கிங் என்னும் பெருநகரம், ஜப்பானியர் படையெடுப்பின்போது போர்க்கருவி ஆலைகள் பல பெயர்ந்து சென்று தங்கிய ஊர். அமைதிக்காலத்தில் அவ்வாலைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றான ஜியாலிங் 1979 இல் சி.ஜே.50 என்னும் சிறிய மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1981 இல் ஹோண்டாவோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டது. ஆலைகளைச் சூழ, திருகாணி முதல் பிஸ்டன் வரை செய்து கொடுக்கும் பட்டறைகள் முளைத்தன. 1990-களில் தனியார் உள்ளே நுழைந்தனர். நூல் வாணிகம் செய்துவந்த யின் மிங்ஷான் என்பவர் தம் ஐம்பத்து நான்காம் வயதில், 1992 இல், ஒன்பது பேரோடு தொடங்கியதே பின்னர் லிஃபான் என்று பெயர் பெற்றது. மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஸுவோ ஸோங்ஷென் என்பவர் தம் பெயராலேயே மற்றொரு நிறுவனத்தை எழுப்பினார். 1993 இல் மோட்டார் சைக்கிள் உற்பத்தியிற் சீனம் ஜப்பானையும் விஞ்சி உலகில் முதலிடம் அடைந்தது.

இவ்வளவு விரைவில் எவ்வாறு இயன்றது? பிறர் செய்ததைப் பார்த்துச் செய்தனர் என்பது ஒருவகை விடை. அதில் உண்மையுண்டு; அதனை மறைக்கவேண்டுவதில்லை. எனினும் நகலெடுத்தல் மாத்திரம் அவ்வளவையும் விளக்காது. ஜப்பானில் ஒவ்வொரு மாதிரி வண்டிக்கும் உறுப்புகளைத் தனித்தனியே வகுத்துப் பொருத்துவர். ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றிற்கு ஆகாது. சீனத்திலோ ஹோண்டாவின் இரண்டு மூன்று மாதிரிகள், யாருடைய கட்டளையுமின்றி, எல்லோருக்கும் பொதுவான அளவுகோல்களாகிவிட்டன. 56.5 மில்லிமீட்டர் விட்டமும் 49.5 மில்லிமீட்டர் வீச்சும் உள்ள சி.ஜி.125 உருளை அவற்றுள் தலையாயது. பல்வேறு பட்டறைகள் அவ்வளவை அளந்து, அதற்கேற்ப உறுப்புகளை வார்த்தன. எந்தப் பட்டறையின் உறுப்பும் எந்த ஆலையின் வண்டிக்கும் பொருந்திற்று. சோங்கிங்கில் உறுப்புச் செய்வோரும் வண்டி கோப்போரும் தேநீர்க் கடைகளிற் கூடியிருந்தே அளவுகளையும் விலையையும் பேசி முடித்தனர் என்று ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். டோக்கியோ பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த ஃபுஜிமோட்டோ தகஹிரோ இம்முறையைத் தனியொரு வகையாகவே கருதி ஆராய்ந்துள்ளார்.

இந்தப் பொதுமை இயந்திரத்தின் பெயரிலேயே விளங்கும். இத்தகைய வண்டிகளின் கிராங்குப் பெட்டியில் ‘156 எஃப்.எம்.ஐ.’ என்பது போன்ற குறியொன்று பொறித்திருக்கும். அதனைப் படிக்கும் முறை இது: முதலில் உள்ள ஒன்று, உருளை ஒன்று என்பதைக் காட்டும். ஐம்பத்தாறு என்பது உருளையின் விட்டம், மில்லிமீட்டரில், பின்னத்தை விட்டுவிடுவர். எஃப் என்பது காற்றாற் குளிர்வது என்பதற்கு அடையாளம். காற்றைக் குறிக்கும் ‘ஃபெங்’ என்னும் சீனச்சொல்லின் முதலெழுத்து. எம் என்பது மோட்டார் சைக்கிள். ஈற்றெழுத்து கொள்ளளவைக் குறிக்கும்: பி என்றால் 50, எச் என்றால் 110, ஐ என்றால் 125, ஜே என்றால் 150, எல் என்றால் 200 கன செண்டிமீட்டர். எஃப் நிற்கவேண்டிய இடத்தில் கியூ நின்றால், விசிறி வைத்துக் காற்றை வலிந்து செலுத்துவது என்று பொருள். ஸ்கூட்டர்களின் இயந்திரம் உறைக்குள் மறைந்திருப்பதால் அவற்றிற்கு அது வேண்டும். இக்குறியை அறிந்தவன், வண்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பகட்டான பெயரைக் கண்டு ஏமாறான். நூறு பெயர்களுக்குப் பின்னே இயந்திரம் இரண்டு மூன்றே.

இனி விட்ட கதையைத் தொடர்வோம். ஒரு மணி நேரம் ஆறியபின் பிஸ்டன் தானே விட்டுக்கொண்டது. அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர் ஒரு குப்பி எண்ணெய் கொடுத்தார். உதைத்ததும் இயந்திரம் கிளம்பிற்று. இத்தகைய வண்டிகள் பலவற்றில் மின்பொறிக்கு வேண்டிய சக்தி, இயந்திரம் சுழல்வதாலேயே பிறப்பது. பாட்டரி செத்துக்கிடப்பினும் உதைத்துக் கிளப்பலாம். ஆயினும் நீலப்புகை கக்கிற்று, வலிமையில்லை. மூட்டைகளை ஒரு குடிசையில் வைத்துவிட்டு, மேடு வந்தபோதெல்லாம் யான் இறங்கி நடக்க, மாலையில் ஊர் சேர்ந்தோம்.

மறுநாட் காலை அவனோடு யானும் பழுதுபார்ப்பவரிடம் சென்றேன். அங்கே அவரை ‘ஃபுண்டி’ என்பர். அவருடைய பட்டறை ஒரு மாமரமும், அதன் கீழ் விரித்த சாக்கும், ஐந்தாறு ஸ்பானர்களுமே. இரண்டு மணி நேரத்திற்குள் தலையைக் கழற்றி, உருளையை உருவி, சிராய்ந்த பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தார். முன்னே யான் குறிப்பிட்ட நன்மையை அப்பொழுதுதான் கண்டேன். காம் கீழே பெட்டிக்குள்ளேயே இருப்பதால், தலையையும் உருளையையும் கழற்றினாலும் வால்வுகள் திறக்கும் நேரம் பிறழ்வதில்லை. காம் மேலிருக்கும் இயந்திரங்களிற் சங்கிலியைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் முறை பிறழும்; மிகத் தவறினால் வால்வு பிஸ்டனில் முட்டி வளைந்தும் போகும். மரத்தடியில் வேலை செய்பவருக்கு அத்தவறு நேராதபடி இவ்வியந்திரமே காவல் செய்கின்றது. மீண்டும் கோக்கும்போது அவர் சரிபார்க்க வேண்டியிருந்தது வால்வுக்கும் ராக்கருக்கும் இடையேயுள்ள சந்து ஒன்றே. அஃது ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கி அதில் ஐந்து முதல் பத்துக் கூறுவரை இருக்கும். அளவுத் தகடு அவரிடம் இல்லை; விரலால் ராக்கரை அசைத்து, அதன் ஒலியைக் கேட்டே நிறுத்தினார்.

புதிய உருளையும் பிஸ்டனும் சந்தைக் கடையிற் கிடைத்தன. வண்டி செய்த ஆலை வேறு. உருளை செய்த பட்டறை வேறு. இரண்டும் கையுறைபோற் பொருந்தின. கடைக்காரர் இருவகை உருளைகளை எடுத்து வைத்தார். ஒன்றின் விலை மற்றொன்றில் ஏறக்குறையப் பாதி. ஃபுண்டி விலையுயர்ந்ததைச் சுட்டினார். ஓட்டுநன் தன் கைக்காசை எண்ணிப் பார்த்து மலிவானதை எடுத்தான். யான் குறைப் பணத்தைத் தருவதாகச் சொன்னேன், அவன் இசையவில்லை. முந்தின நாள் ஏற்றிய கூலியையும் வாங்க மறுத்தான். அதனை மாத்திரம் வற்புறுத்திக் கொடுத்தேன்.

அம்மலிவு உருளை ஐந்து மாதமே உழைத்தது. வளையங்களின் உலோகம் மெத்தென்றிருந்தமையால் விரைவிற் தேய்ந்துவிட்டதென்று ஃபுண்டி கூறினார். பொதுமையின் மறுபக்கம் இது. அளவை எவரும் அளந்தறியலாம். உலோகத்தின் பதத்தை அளவுகோல் காட்டாது. வார்ப்பிரும்பில் எவ்வெப்பொருள் எவ்வளவு கலந்தது, எவ்வளவு சூட்டிற் பதப்படுத்தினர், எத்துணை மெதுவாக ஆறவிட்டனர் என்பன கண்ணுக்குத் தோன்றா. ஒரே உருவமுள்ள இரண்டு உருளைகளுள் ஒன்று ஐந்தாண்டும் ஒன்று ஐந்து மாதமும் உழைப்பது அதனாலேயே. விலையைக் குறைக்கப் போட்டியிட்ட பட்டறைகள் பல, கண்ணுக்குத் தோன்றாத இடத்திலேயே குறைத்தன.

வியட்நாமில் இதனை ஒரு நாடு முழுவதும் அனுபவித்தது. 2000 ஆம் ஆண்டையொட்டிச் சீன வண்டிகள் அங்கே வெள்ளம்போற் புகுந்தன. ஹோண்டாவின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிற்கு அவை விற்றமையால், அதுவரை சைக்கிளோடு நின்ற குடும்பங்களும் மோட்டார் சைக்கிள் வாங்கின. ஹோண்டா செய்தது வியப்புக்குரியது. தன் மாதிரியை ஒத்த வண்டிகளைச் செய்துவந்த சீன நிறுவனம் ஒன்றோடே 2001 இற் கூட்டுச் சேர்ந்து, சீன உறுப்புகளைச் சோதித்து வாங்கி, 2002 இல் ‘வேவ் ஆல்ஃபா’ என்னும் மலிவு வண்டியை வியட்நாமில் வெளியிட்டது. சீன வண்டிகள் பழுதாகக் கண்டு சலித்திருந்தவர்கள் அதற்கு மாறினர். மலிவாகச் செய்ய முடியும் என்று ஜப்பானியருக்குக் கற்பித்தவர்கள் சீனரே என்பதை மறுக்கவொண்ணாது. ஆப்பிரிக்காவிலும் இந்நாளிற் சீனருக்கு எதிர்நின்று போட்டியிடுவோர் இந்தியர். பஜாஜ் பாக்ஸரும், ஓசூரில் ஆலை வைத்துள்ள டி.வி.எஸ். நிறுவனத்தின் எச்.எல்.எக்ஸும் அங்கே போடா போடாக்களாக ஓடுகின்றன. இரிங்காச் சந்தையில் அப்பெயரைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

சீனப் பொறியாளர் மூலத்தை அப்படியே வைத்திருக்கவுமில்லை. 49.5 மில்லிமீட்டர் வீச்சை மாற்றாமல், உருளையின் விட்டத்தை 62 மில்லிமீட்டராக்கி 150 கன செண்டிமீட்டர் இயந்திரம் செய்தனர். பின்னர் வீச்சையும் நீட்டி 200 ஆக்கினர். முன்னே கூறிய கட்டிக் கணக்கு இங்கே தன் வேலையைக் காட்டும். உருளை பெரிதாகப் பெரிதாகக் காற்று போதாமற்போகின்றது. சுமையேற்றும் மூன்று சக்கர வண்டிகள் இன்னும் மெதுவாகச் செல்வதால் அவற்றிற்குக் காற்று மேலும் அரிது. ஆகவே அதே கிராங்குப் பெட்டியின்மேல் நீரோடும் உருளையையும் தலையையும் வைத்து, ரேடியேட்டரும் பூட்டிவிட்டனர்.

காற்றாற் குளிரும் இயந்திரத்திற்கு இக்காலத்தில் நேர்ந்துள்ள பெரிய இடர் புகைச்சட்டமேயாகும். நீராற் குளிரும் இயந்திரத்தின் உஷ்ணம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். காற்றாற் குளிர்வதன் உஷ்ணமோ வெயிலுக்கும் மேட்டுக்கும் சுமைக்கும் ஏற்ப ஏறியிறங்கும். அளவுக்கு மிஞ்சிச் சுடாதபடி, பெட்ரோலைச் சற்று மிகுதியாகக் கலந்து எரிப்பது வழக்கம். அம்மிகுதி முற்றும் எரியாமல் நச்சுப்புகையாக வெளியேறும். சீனத்தில் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த நான்காம் படிப் புகை விதிகளுக்குப்பின், கார்புரேட்டர் போய், மின்கருவி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்தது. அது புகையைக் குறைக்கின்றது. மலையுயரத்திற்கேற்பக் கலவையைத் தானே திருத்திக்கொள்ளவும் செய்கின்றது. ஆனால் அக்கருவி கெட்டால் மாமரத்தடியில் ஒன்றும் செய்ய இயலாது. நகரங்களிலோ வண்டிக்கே இடமில்லை. குவாங்சோ நகரம் 2007 இல் மோட்டார் சைக்கிள்களைத் தன் வீதிகளிலிருந்து விலக்கிற்று. வேறு பல சீன நகரங்களும் இத்தகைய தடைகளை விதித்துள்ளன. அவற்றைச் செய்யும் நாட்டின் பெருநகரங்களில் ஓட முடியாதவை, அயல்நாட்டு மலைச்சாலைகளில் ஓடுகின்றன.

எளிமை என்பது கவனமின்மைக்கு உரிமைச்சீட்டு என்று சிலர் கருதுவது பிழை. சி.ஜி.125 எண்ணெய் மாற்றாதவரையும் பொறுத்துக்கொள்ளுமாறு வகுக்கப்பட்டது உண்மை. ஆனால் பொறுத்துக்கொள்வதற்கும் எல்லையுண்டு. அவ்வெல்லை எங்கேயுள்ளது என்று ஏழை ஓட்டுநனே தன் செலவிற் கண்டுபிடிக்க நேர்கின்றது. ஒரு லிட்டர் எண்ணெய் மிச்சம் பிடித்ததற்கு ஓர் உருளையும், அதன்பின் இன்னோர் உருளையும், வேலையற்ற நாட்களும் அவனுக்குச் செலவாயின. காசு இல்லாமையால் மிகுதியான காசு செலவழிப்பவன் அவன்.

யான் அவ்வூரை விட்டுப் புறப்பட்ட ஆண்டில் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டவன் அவனே. அப்பொழுது அவ்வியந்திரத்தில் மூன்றாவது உருளை இருந்தது; ஃபுண்டி சுட்டிய உயர்ந்த வகையது. வண்டிக்கடனும் தீர்ந்து அவனுக்கே சொந்தமாயிருந்தது. இருக்கையின் அடியில், கந்தைத் துணியிற் சுற்றி, ஒரு குப்பி எண்ணெயும் தகடுகளுக்கிடையே சுரண்டுவதற்காகச் சீவிய மூங்கிற் குச்சியொன்றும் வைத்திருந்தான். என் பெட்டியை இறக்கி வைத்ததும், பேருந்து வரும்வரை சும்மாயிருப்பானேன் என்று குச்சியை எடுத்துக்கொண்டு வண்டியின் அருகே குந்திவிட்டான்.